முன்னால் கடை, பின்னால் வீடு: பழைய சென்னை வீட்டை எந்த வரிசையில் சரிசெய்வது

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலோ, திருவல்லிக்கேணியிலோ, சிந்தாதிரிப்பேட்டையிலோ, ஜார்ஜ் டவுனிலோ ஒரு பழைய வீடு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவைப் பார்த்து ஒரு கடை, பக்கத்தில் ஆள் ஒருவர் போகிற அளவுக்கு ஒரு நடை, உள்ளே முற்றம், மேலே ஒரு மாடி. பாகப்பிரிவினையில் வந்ததோ விலைக்கு வாங்கியதோ, பார்க்க வருகிற எல்லோரும் "இடிச்சிட்டு மாடி மாடியா கட்டிடுங்க" என்றுதான் சொல்வார்கள். இடிக்காமல் சரிசெய்வது என்று முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பல வருஷமாக இந்த மாதிரி வேலைகளைக் கூடவே இருந்து பார்க்கிறேன். பணம் வீணாவது பெரும்பாலும் வேலைகளின் வரிசை மாறிப்போவதால்தான். முகப்புக்கு நல்ல வர்ணம் அடித்து, கடைக்குள் விளக்கெல்லாம் போட்டுத் திறந்துவிடுவார்கள், அடுத்த ஐப்பசியில் மாடி ஒழுகி அத்தனையும் உரிந்து விழும். முதலில் பத்திரம், அப்புறம் தண்ணீர், அப்புறம் கூரை, அப்புறம் சுவர், கடை அதற்கும் பிறகு. அழகுபடுத்துவது எல்லாவற்றுக்கும் கடைசி.

பத்திரம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஒரு நல்ல வக்கீலிடம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. வில்லங்கச் சான்று இணையத்தில் குறிப்பிட்ட ஒரு வருஷத்திலிருந்துதான் கிடைக்கும், நூறு வருஷ வீட்டுக்கு அது போதாது, அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். தாய்ப்பத்திரம், டவுன் சர்வே பதிவேட்டு நகல், வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்து, இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னொன்றையும் கேளுங்கள்: மனை யாருடையது? கட்டடம் உங்களுடையதாகவும் மனை கோயிலுடையதாகவும் இருக்கிற வீடுகள் நிறைய. அப்படியிருந்தால் அறநிலையத் துறையின் ஒப்புதல் இல்லாமல் மனையை விற்கவோ வாங்கவோ முடியாது.

கடையில் பழைய வாடகைதாரர் இருந்தால் அவரோடு உட்கார்ந்து பேசுவதுதான் முதல் வேலை. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். தாத்தா காலத்தில் வாய்வார்த்தையாகப் பகடி (கடையைக் கொடுக்க முன்னதாக வாங்குகிற மொத்தத் தொகை) வாங்கி உள்ளே விட்ட கதை எதுவாக இருந்தாலும் அதைத் தீர்த்துக்கொள்ளாமல் ஒரு செங்கல்லையும் தொடாதீர்கள். அவரை வேலை முடிகிற வரை எங்கே உட்காரவைப்பது, திரும்ப வரும்போது என்ன வாடகை என்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். பல தெருக்களில் அந்தக் கடைக்காரர்தான் வீட்டைப் பற்றி அதிகம் தெரிந்தவர், எந்த மழைக்கு எங்கே தண்ணீர் நிற்கும் என்று உங்கள் சொந்தக்காரர்களைவிட அவருக்குத் தெரியும்.

அனுமதி விஷயம். 2010-ல் அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைப் பார்க்க சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) ஒரு குழு அமைந்தது. உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் எதையும் செய்ய முடியும். புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் அளந்து பார்த்துக்கொள்வது நல்லது. பூச்சும் வெள்ளையடிப்பும் வேறு, சுவரை எடுப்பதும் மாடி ஏற்றுவதும் வேறு, எது எதற்கு அனுமதி வேண்டும் என்று மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதலில் போய்ப் பாருங்கள்

மேஸ்திரியைத் தேடுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குப் போய்விட்டு வாருங்கள். ஊர் ஊராகப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டிய வீடுகள் அங்கே இருக்கின்றன. திண்ணை எவ்வளவு உயரம், தாழ்வாரத்தின் ஓடு எந்தச் சாய்வில் இறங்குகிறது, முற்றத்துத் தண்ணீர் எப்படி வெளியே போகிறது என்று குனிந்து பாருங்கள். அப்புறம் சேப்பாக்கம் கலச மகால். 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை இடிந்த கட்டடம் அது, பொதுப்பணித் துறை அதை மெட்ராஸ் டெரஸ் முறையிலேயே மீட்டெடுத்து, இப்போது பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நடக்கிறது. எரிந்து விழுந்த கூரையையே திரும்பப் போட முடிந்திருக்கிறது, உங்கள் வீட்டு மாடியில் நான்கு உத்திரம் இற்றுப்போயிருப்பதைப் பார்த்து மனசு விட வேண்டியதில்லை.

முடிந்தால் ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டை அப்படியே விட்டுப் பாருங்கள். சென்னைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஒவ்வொரு பெரிய மழையன்றும் கையில் ஒரு சாக்பீஸோடு போய், ஈரம் வந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த இன்ஜினீயர் வந்தாலும் அவருக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. விரிசல்களின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். கச்சேரி சாலை, லஸ், மந்தைவெளிப் பக்கம் மெட்ரோ வேலை நடக்கிற பாதையை ஒட்டி வீடு இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், தேதி போட்ட படங்கள் பின்னால் பேச்சுவார்த்தைக்கும் உதவும்.

தண்ணீர்

பழைய வீட்டைக் கெடுப்பது வயசு இல்லை, தண்ணீர்தான். அது மேலிருந்து வருகிறது, கீழிருந்தும் வருகிறது, பக்கத்து வீட்டிலிருந்தும் வருகிறது.

கீழிருந்து வருவதை முதலில் பாருங்கள். நம் தெருக்களில் ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணை இப்போது தெருவோடு தெருவாக இருக்கும். உடனே எல்லோரும் சொல்வது, உள்ளே மண் கொட்டித் தரையை உயர்த்திவிடலாம் என்பது. அதைச் செய்தால் தரை உயரும், கூடவே சுவரில் ஓதமும் (மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம்) அதே அளவுக்கு மேலே ஏறும், நிலைக்கதவின் அடிப்பாகம் மண்ணுக்குள் போய்க் கரையான் சுகமாக ஏறிவிடும். அதற்குப் பதில் வாசலில் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி இரும்புச் சட்டத்தால் மூடி, மழைநீர் வடிகாலுக்கு விடுங்கள், வாசல்படியை மட்டும் ஒரு கல் உயர்த்துங்கள். பின்கட்டில் உள்ள பழைய கழிவுநீர்க் குழாயைத் தோண்டிப் பாருங்கள். பீங்கான் குழாய் மூட்டு விட்டுக் கசிந்துகொண்டே இருக்கும், சமையலறைச் சுவர் வருஷம் முழுக்க ஈரமாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேணி இருந்தால் மூடாதீர்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். மாடித் தண்ணீரை மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கேணிக்கு விட்டால் விதியும் நிறைவேறும், கேணியும் பிழைக்கும்.

சுவர் இடுக்கில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் அறுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அடுத்த மழைக்கு இரட்டிப்பாக வரும். அந்த இடத்துக் கல்லைப் பிரித்து வேரை உருவி எடுத்து, சுண்ணாம்புக் கலவையால் திரும்பக் கட்ட வேண்டும்.

மாடி

தை பிறந்ததும் கூரையில் கைவையுங்கள், வைகாசிக்குள் முடித்துவிடப் பாருங்கள்.

நம் பழைய வீடுகளின் கூரை மெட்ராஸ் டெரஸ், தெற்கே கட்டைக்குத்து என்பார்கள். பெரிய உத்திரங்களின் மேல் நெருக்கமாகத் தேக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் மெலிந்த சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்துக் குறுக்காகச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதைக் கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சட்டங்களுக்கு நடுவே அந்தக் குறுக்குச் செங்கல் வரிசை தெரியும்.

ஒழுகுகிற மாடிக்கு வழக்கமாக நடப்பது, மேலே சிமென்ட்டால் ஒரு பூச்சு. ஒரு அங்குலக் கனத்துச் சிமென்ட் பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் எடை. முன்னால் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை பூசியிருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 150 கிலோவைச் சட்டங்கள் சுமந்துகொண்டிருக்கின்றன. அதோடு சிமென்ட் வெயிலில் விரிசல் விடும், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தில் தங்கும். அதனால் முதல் வேலை அந்தப் பூச்சுகளைப் பொறுமையாகப் பெயர்த்து எடுப்பது. டிரில் மெஷின் வைத்து அதிரவிடக் கூடாது, கை உளியும் சுத்தியலும்தான்.

சட்டங்களைச் சோதிக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும், நம்பிவிடாதீர்கள், சுவருக்குள் நுழைகிற முனையில் குத்திப் பாருங்கள். அழுகுவது அங்கேதான். முனை மட்டும் போயிருந்தால் முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டாம், அழுகினதை அறுத்துவிட்டுப் பழைய தேக்கிலேயே ஒட்டுப் போடுவார் நல்ல ஆசாரி, அல்லது சுவரில் இரும்புத் தாங்கி வைக்கலாம். எதைச் செய்தாலும் கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு சட்டம். எத்தனை மாற்ற வேண்டும், எத்தனை தாங்கும் என்பதை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் சொல்ல வேண்டும், பழைய கட்டடத்தில் வேலை செய்தவராகப் பார்த்துத் தேடுங்கள். மரத்துக்குப் பழைய கட்டட சாமான் கடைகள் இருக்கின்றன, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கதவு, கீல், பித்தளைக் குமிழ் எல்லாம் கிடைக்கும், தூண், நிலை என்று பெரிதாக வேண்டுமானால் காரைக்குடிதான்.

தண்ணீர்த் தொட்டியை மாடியின் நடுவில் வைக்காதீர்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். இரண்டு கனமான சுவர்கள் சேருகிற மூலைக்கு மேல் வையுங்கள், அதையும் இரும்புச் சட்டம் போட்டு, எடை சுவரில் இறங்குகிற மாதிரி.

சுவரும் சுண்ணாம்பும்

இந்தச் சுவர்கள் ஈரத்தை இழுத்து வெளியே விடுகிற மாதிரிக் கட்டப்பட்டவை. மேலே சிமென்ட் பூசி பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் வெளியே போகும் வழி அடைபட்டு, உப்பு பூத்து, பூச்சு உப்பிக்கொண்டு விழும். விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள், பொத்தென்று சத்தம் வருகிற இடமெல்லாம் விட்டுப்போன பூச்சு, கொத்தி எடுக்க வேண்டியதுதான். எடுத்த பிறகு உடனே பூசாதீர்கள். செங்கல்லை வெறுமனே சில மாதம் காயவிடுங்கள், உப்பு வெளியே வரவர உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது திரும்ப உள்ளே போய்விடும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைக் கண்டுபிடிப்பதுதான் இந்த மொத்தக் காரியத்திலும் கஷ்டமானது. "சுண்ணாம்புல செஞ்சிருக்கீங்களா" என்று கேட்டால் எல்லோரும் செய்திருக்கிறேன் என்பார்கள். பின்கட்டில் கதவளவு இடம் கொடுத்து மாதிரி பூசச் சொல்லி, மூன்று வாரம் கழித்து வந்து பாருங்கள். மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறதா, நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறதா? நன்றாக வந்திருந்தால் அவர்தான் உங்கள் ஆள், கூலி ஐந்நூறு கூடக் கேட்டாலும் கொடுங்கள். சதுர அடிக் கணக்கில் பேசாமல் நாள்கூலிக்கு வையுங்கள், சதுர அடிக்கு ஒப்புக்கொண்டவர் அவசரப்படுவார், சுண்ணாம்புக்கு அவசரம் ஆகாது.

சுட்ட சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்றுவதாக இருந்தால் தண்ணீரில் போட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். நீற்றினதைத் தண்ணீருக்கு அடியிலேயே குறைந்தது இரண்டு வாரம் ஊறவிட்டால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும், இன்னும் கிடந்தால் இன்னும் நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று ஆரம்பிப்பார்கள், மணலைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது மேஸ்திரியின் கைப்பழக்கம். கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு தொட்டியில் ஊறப்போட்டு, ஒரு வாரம் பத்து நாள் புளித்த தண்ணீரைத்தான் கலவையில் விடுவார்கள். அந்த வாசனை பழகக் கொஞ்ச நாள் ஆகும், அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் மேஸ்திரி வருவார்: "சார், ஒரு கை சிமென்ட்டு போட்டா சீக்கிரம் புடிச்சிக்கும், ஒண்ணும் ஆவாது."

"வேணாம் மேஸ்திரி, இருபது நாள் ஆனாலும் பரவாயில்ல, சுண்ணாம்பே இருக்கட்டும்."

இந்த இடத்தில் தளர்ந்துவிடாதீர்கள். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், அதற்கு நாள் எடுக்கும். சித்திரை வெயிலில் பூசினால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். கடைசியில் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள், வர்ணம் வேண்டுமென்றால் அதிலேயே காவியோ மஞ்சளோ கலந்துகொள்ளலாம்.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் டைல்ஸ் ஒட்டாதீர்கள், விரிசலை மட்டும் அடைத்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டே வந்தால் பளபளப்பு தானாக வரும்.

பொருள் கொண்டுவருவது தனிக்கதை. பெரிய லாரி இந்தத் தெருக்களில் பகலில் நுழையாது, குட்டியானையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். இடிபாட்டை நடைபாதையில் குவித்தால் மாநகராட்சி அபராதம் போடும், பக்கத்துக் கடைக்காரர்களோடு உறவும் கெடும். மூட்டை கட்டி உள்ளேயே அடுக்கி வைத்து, இரவில் எடுத்துவிடுங்கள்.

கடை

கடைமுகப்புக்கு இப்போதுதான் வருகிறோம். ரோலிங் ஷட்டர் வருவதற்கு முன்னால் இந்தக் கடைகளுக்குப் பலகைக் கதவுதான். மேலேயும் கீழேயும் மரத்தில் ஒரு காடி, அதில் ஒவ்வொரு பலகையாக நுழைத்துத் தள்ளிக்கொண்டே போய், கடைசிப் பலகையைப் பூட்டி, குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டு. பலகைகள் ஒரே அளவாகத் தெரியும், ஆனால் இடம் மாற்றிப் போட்டால் சேராது. அதனால் உள்பக்கத்தில் உளியால் எண்ணோ கோடோ செதுக்கியிருப்பார்கள். ஷட்டர் போட்டபோது இவற்றைப் பரணிலோ மாடிப்படிக்கு அடியிலோ போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், குப்பை என்று ஆட்கள் தூக்கிப் போடுவதற்கு முன் நீங்களே தேடுங்கள். வாசலின் மேல்கட்டையில் காடி இன்னும் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள், பெயின்ட் அடைத்திருக்கும். ஏழெட்டுப் பலகை கிடைத்தாலே போதும், மீதியை அதைப் பார்த்து ஆசாரி செய்துவிடுவார். பாதுகாப்புக்குப் பலகைகளுக்கு உள்பக்கம் ஒரு மடக்குக் கிராதி போட்டுக்கொள்ளுங்கள், தெருவிலிருந்து தெரியாது.

என்ன கடை வைப்பது, அல்லது யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதை வாடகைத் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எடை, தண்ணீர், சூடு, அதிர்வு, இந்த நான்கையும் பாருங்கள். ஜார்ஜ் டவுனில் மேல்மாடிகளைக் கிடங்காக்கியதில் எத்தனையோ நல்ல வீடுகள் கெட்டன. ஆண்டர்சன் தெருவில் காகிதக் கட்டுகள், கோடவுன் தெருவில் துணி பேல்கள், இதையெல்லாம் தாங்குவதற்காகப் போட்ட தளம் இல்லை அது. தையல்கடை, புத்தகக்கடை, வெள்ளி நகைப் பழுதுபார்ப்பு, நாட்டு மருந்துக் கடை நன்றாகப் பொருந்தும், ஆனால் புத்தகத்தைக் கீழ்த்தளத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். காபிக் கடைக்கு விடலாம், அடுப்பும் பாத்திரம் கழுவுவதும் பின்கட்டில், தனி வடிகாலோடு இருந்தால். மாவு மில், காபிக்கொட்டை அரவை வேண்டாம், அதிர்வு.

பழைய மரச்சட்ட ஒயரிங்கை முழுக்க எடுத்துவிடுங்கள், இதில் பழமை பார்க்க வேண்டாம், பழைய தெருக்களில் தீ என்றால் ஒரு வீட்டோடு நிற்காது. சுவரைக் கொத்தாமல் மேலோடு குழாய் ஓட்டுங்கள், கசிவைக் கண்டு துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. கட்டாயம். கடைக்குத் தனி மீட்டர், வணிகக் கட்டணத்தில். ஏ.சி.யின் வெளிப்பெட்டியை முகப்பில் மாட்டாமல் முற்றத்துப் பக்கம் கொண்டுபோங்கள், அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் குழாயில் பிடித்து வடிகாலில் விடுங்கள், சுவரில் வழியவிட்டால் செய்த சுண்ணாம்பு வேலை ஒரே வருஷத்தில் போய்விடும். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவு விதி இருக்கிறது. முகப்பின் சுதை வேலையை மறைக்காத அளவுக்கு மரப்பலகையில் கையால் எழுதி, கதவுக்கு மேலே மாட்டினால் போதும், முகப்பு முழுக்க மூடுகிற பிளெக்ஸ் வேண்டாம்.

வாடகை ஒப்பந்தத்தில் மேல்மாடியில் சரக்கு அடுக்கக் கூடாது, சுவரில் டிரில் போடக் கூடாது என்று எழுதுங்கள். புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, மழைநீர்க் குழாய்களில் இலை அடைத்திருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது யார் வேலை என்பதையும் எழுதுங்கள். தினமும் கடையைத் திறக்கிறவர் கண்ணில்தான் ஈரம் முதலில் படும், அதனால் பார்த்ததும் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும், சரிசெய்கிற செலவு உங்களுடையது என்று தெளிவாக இருக்கட்டும். செலவு தன் தலையில் விழும் என்று நினைத்தால் அவரே ஒரு மூட்டை சிமென்ட் வாங்கி வந்து பூசிவிடுவார்.